சேலத்தில் ஸ்மோக்கருக்கு எந்தக் கரி? மூட்டைக் கரி, பாக்கெட் கரி, கொட்டாங்குச்சிக் கரி: எரித்துப் பார்த்ததில் தெரிந்தது

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மட்டன் தொடையையோ முழுக் கோழியையோ மணிக்கணக்கில் புகையில் வைத்து வேகவைக்க, சேலத்தில் கிடைப்பதில் சிறந்தது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கரிக்கடையில் சாக்கில் விற்கிற வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்) கரிதான். இஸ்திரி வண்டிக்கும் தந்தூரி அடுப்புக்கும் போகிற அதே கரி. பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் சலித்து, பெரிசு சின்னது எனப் பிரித்து, ஈரம் படாமல் மூடி வைத்தால் போதும். பார்பிக்யூ என்று பளபளப்பாக அச்சடித்து இதைவிட மூன்று மடங்கு விலைக்கு வருகிற பாக்கெட் கரி எதுவும் என் ஸ்மோக்கரில், அதாவது இரும்பு டிரம்மில் செய்த புகை அடுப்பில், இதற்குப் பக்கத்தில் வரவில்லை. எந்த மரம், எந்த பிராண்ட் என்பதைவிட, துண்டின் அளவும் அதில் இருக்கும் ஈரமும்தான் அன்றைய சமையலைத் தீர்மானிக்கின்றன. சேலத்தில் ஸ்மோக்கர் வாங்கிய நிறையப் பேர், நல்ல கரி இங்கே கிடைக்காது என்று நினைத்து ஆன்லைனில் வரவழைத்துக் காசைக் கொட்டுகிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுத உட்கார்ந்தேன்.

கிரில் வேறு, ஸ்மோக்கிங் வேறு. கிரில் என்றால் தணல் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், கோழித் துண்டு இருபது முப்பது நிமிஷத்தில் வெந்து இறங்கிவிடும், கரி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஸ்மோக்கிங்கில் உள்ளே வெப்பம் 110லிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், பெரிய துண்டாக இருந்தால் அதற்கும் மேல் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குக் காற்றுத் துளையைக் கிட்டத்தட்ட மூடியே வைக்கிறோம். அவ்வளவு குறைந்த காற்றில் கரி அணையாமலும், திடீரென்று பற்றி ஏறாமலும் நின்று எரிய வேண்டும். இன்னொன்று, இறைச்சி முழு நேரமும் அந்தக் காற்றிலேயே கிடக்கிறது. கரியில் ஒரு வேகாத கட்டை இருந்தால், அது விடுகிற காரமான வெள்ளைப் புகை முழுக்க இறைச்சியில் ஏறும். கிரில்லில் மன்னிக்கப்படுகிற குறை எல்லாம் இங்கே நாக்கில் தெரியும்.

நான் எரித்துப் பார்ப்பது 200 லிட்டர் டிரம்மில். வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அடியில் மூன்று காற்றுக் குழாய், மேலே மூடியில் ஒரு புகைபோக்கி, நடுவில் கம்பி வலை, கீழே கரி போட இரும்பு வலையில் ஒரு கூடை என்று செய்து வாங்கியது. சமையல் எண்ணெய் மாதிரி உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்கினேன், ரசாயனம் வந்த டிரம்மைத் தொடவே கூடாது. உள்ளே பெயின்ட் இருந்தால் விறகு போட்டு ஒருமுறை நன்றாக எரித்து, சுரண்டி, எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். ஏற்காட்டில் மச்சான் வீட்டில் இருப்பது வட்டமான கெட்டில் வகை. கீழே சொல்வதெல்லாம் இரண்டிலும் பார்த்தது.

மூட்டைக் கரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதன் குறையும் நிறையும் புரியும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் காடு காடாகக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை, நம் பக்கம் வேலிக்காத்தான் என்கிறோமே அதை, வெட்டி அடுக்கி, மேலே இலை தழை போட்டு, ஈர மண் பூசி மூடித் தீ வைப்பார்கள். அதுதான் கரிமூட்டம். உள்ளே காற்று போதாமல் மரம் எரியாது, வெந்து கரியாகும். ஆரம்பத்தில் தண்ணீர் ஆவியாகி அடர்த்தியான வெள்ளைப் புகை வரும், நாள் ஆக ஆகப் புகை மெலிந்து நீலமாகும், அப்போது துளைகளை மண்ணால் அடைத்துவிடுவார்கள். மூட்டத்தின் நடுவில் இருந்த கட்டை நன்றாக வெந்திருக்கும், ஓரத்தில் இருந்தது அரைகுறையாக நிற்கும். மண் பூசியதால் கரியோடு மண்ணும் சரளைக் கல்லும் வரும். சூடு அடங்காத மூட்டத்தைப் பிரிக்கும்போது தண்ணீர் தெளித்து அணைத்திருந்தால் ஈரமும் வரும். ஆக, மூட்டைக் கரியின் குறைகள் மூன்றுதான்: வேகாத கட்டை, மண், ஈரம். மூன்றையும் கடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

நிறையைச் சொல்கிறேன். அமெரிக்காவில், டெக்சாஸ் மெக்சிகோ பக்கம், மெஸ்கீட் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற மரமும் நம் வேலிக்காத்தானும் நெருங்கிய சொந்தம். ஹவாய்த் தீவில் கியாவே என்று சொல்கிற மரமும் இதே வகையறாதான், அங்கே கோழி சுட அந்தக் கரியைத்தான் தேடுவார்கள். கனமான மரம், அதனால் கனமான கரி, ஒரு துண்டு பற்றினால் வெகுநேரம் நிற்கும். இந்த மரத்தை விறகாகவே போட்டு நீண்ட நேரம் புகைத்தால் கசப்பு ஏறிவிடும், ஆனால் கரியாக்கிய பிறகு அந்தக் காரம் பெரும்பாலும் போய்விடுகிறது, மிச்சம் இருக்கிற லேசான மணம் ஆட்டு இறைச்சிக்கு எடுப்பாகவே இருக்கும். மேலும் இது நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் தின்கிற மரம், இதை அகற்றச் சொல்லி 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு தேவைப்படும் என்பதால், எந்த மரம் வெட்டப்படுகிறது என்பது எனக்கு முக்கியம். நல்ல காட்டு மரத்தை வெட்டிச் செய்த கரியை வாங்குவதைவிட இதை வாங்குவது மனதுக்கும் நிம்மதி.

இனி கடை. நான் போகிற கடையை ஒரு அக்கா நடத்துகிறார். கடைக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் சணல் சாக்கு, ஒரு பக்கம் பிளாஸ்டிக் சாக்கு, தரையில் கணுக்கால் வரை தூள். முதல் தடவை போனபோது, எதற்கு என்று கேட்டார். ஆறேழு மணி நேரம் நின்று எரிய வேண்டும், புகை வரக் கூடாது என்றேன். “அப்படின்னா அந்த மூட்டை வேண்டாங்க தம்பி, அது நேத்து வந்த லோடு, ஈரமா இருக்கு. இந்தப் பக்கம் வாங்க, இது வந்து ஒரு மாசம் ஆச்சு, தட்டிப் பாருங்க” என்று இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதிக் காட்டினார். நன்றாக வெந்து காய்ந்த கரி, உடைந்த பானை ஓட்டைத் தட்டியதுபோல் கணீரென்று கேட்கும். ஈரக் கரியும் வேகாத கரியும் மொத்தென்று கட்டைச் சத்தம் போடும். இந்த ஒரு சோதனை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, உடைத்துப் பார்ப்பது. பெரிய துண்டு ஒன்றைக் குறுக்கே உடையுங்கள். உடைந்த முகம் கருப்பாக, லேசாகப் பளபளப்பாக, மரத்தின் வளையமும் வெடிப்பும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். நடுவில் காப்பிக் கொட்டை நிறத்தில் பழுப்பு தெரிந்தால் அது வேகாத கட்டை, சுலபத்தில் உடையவும் உடையாது, நார் நாராகக் கிழியும். மூட்டையில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, பொறுக்கித் தனியே வைத்து விறகடுப்பில் போடலாம். கைக்கு வந்த நாலில் ஒன்று அப்படி இருந்தால் அந்த மூட்டையையே விட்டுவிடுங்கள். அப்புறம், எல்லாத் துண்டுகளும் நாலு பக்கமும் சீராக அறுத்த பலகை மாதிரி தட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அது கட்டடம் இடித்த பழைய மரமாக இருக்கலாம், பெயின்டோ பாலிஷோ கரையான் மருந்தோ அடித்திருப்பார்கள். ஆணி ஒன்று கண்ணில் பட்டாலே போதும். நமக்கு வேண்டியது வளைவும் கணுவும் உள்ள, பார்த்தவுடன் கிளை என்று தெரிகிற கரி.

எடையையும் கவனியுங்கள். கரி காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும், அதில் தண்ணீரும் தெளித்தால் கேட்கவே வேண்டாம். வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், வாங்கிய மூட்டையை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் பரப்பி வைத்து மறுபடி நிறுத்தபோது எடை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தது. காசு போனது ஒரு பக்கம், அந்த ஈரக் கரி எரியும்போது படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும், வெப்பமும் ஏறாது. ஆகவே, கையை மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு நடுவில் குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த அக்கா, “மேல இருக்கறதை மட்டும் அள்ளிக்கோங்க, அடியில தூளுதான் கெடக்கும்” என்று அவரே சொல்லி எடை போட்டுக் கொடுப்பார். தூளைத் தலையில் கட்டாத கடை கிடைத்தால் விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மணல் சலிக்கிற சல்லடையில் கொட்டிச் சலிக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. தூளும் மண்ணும் கூடையில் போனால் துண்டுகளுக்கு நடுவே காற்று போகிற வழியை அடைத்துவிடும், மூன்று மணி நேரம் நன்றாக ஓடிய டிரம் காரணமே இல்லாமல் 90 டிகிரிக்கு இறங்கிச் சாகும், நீங்கள் காற்றைத் திறப்பீர்கள், இன்னும் இறங்கும். சலித்த பிறகு கை முஷ்டி அளவு ஒரு குவியல், எலுமிச்சை அளவு ஒரு குவியல், அதைவிடச் சின்னது ஒரு குவியல். சின்னதைக் கிரில்லுக்கு வைத்துக்கொள்ளலாம். தேங்காயைவிடப் பெரிய கட்டையாக இருந்தால் சுத்தியலால் இரண்டாக உடைத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் நெருப்பு ஒரே இடத்தில் தங்கி, அடுத்த துண்டுக்குத் தாண்டாமல் போகும்.

கூடையை நிரப்புவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முஷ்டி அளவுத் துண்டுகளைக் கையால் அடுக்கி, இடைவெளிகளில் எலுமிச்சை அளவை வைத்து நிரப்ப வேண்டும், சும்மா சாக்கைக் கவிழ்த்துக் கொட்டக் கூடாது. சுமார் 4 கிலோ பிடிக்கும். நடுவில் ஒரு குழி விட்டு, அதில் தனியாகப் பற்றவைத்த பத்துப் பன்னிரண்டு துண்டுத் தணலை வைத்தால், நெருப்பு உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்லப் பரவும். முழுக் கூடையையும் ஒரேயடியாகப் பற்றவைத்தால் வெப்பம் 200ஐத் தாண்டிவிடும், அதைக் கீழே இறக்குவதற்குள் இறைச்சி காய்ந்துவிடும். வெப்பத்தைக் கீழிருந்து மேலே ஏற்றுவதுதான் சுலபம், 95 வரும்போதே காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்குங்கள். வேலிக்காத்தான் கரி இப்படி அடுக்கி வைத்தால் காலையில் மூட்டியது மதியச் சாப்பாடு தாண்டி நிற்கிறது, நடுவில் கரி போட வேண்டியதில்லை, மூடியைத் திறக்க வேண்டியதில்லை. சாம்பலும் குறைவு.

பற்றவைக்கத் தேங்காய் நார் போதும், அல்லது சமையல் எண்ணெய் தொட்ட காகிதத்தைச் சுருட்டிப் புகைபோக்கி வடிவத் தகர டப்பாவின் அடியில் வைத்தால் கால் மணி நேரத்தில் தணல் தயார். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். ஆபத்து என்பது ஒன்று, அந்த வாடை கரிக்குள் இறங்கிவிட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் இறைச்சியில் இருக்கும் என்பது இன்னொன்று. தணல் வைத்தவுடன் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரத்தான் செய்யும். அது அடங்கி, புகைபோக்கிக்கு மேல் காற்று மட்டும் நடுங்குவது தெரிகிற வரைக்கும், அல்லது வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் மெல்லிய நீலம் தெரிகிற வரைக்கும் இறைச்சியை வைக்காதீர்கள். பசியோடு விருந்தாளி நின்றாலும் சரி.

பாக்கெட் கரிக்கு வருகிறேன். ஆன்லைனில் வந்த மரக்கரிப் பாக்கெட், கடினமான மரம் என்று மட்டும் போட்டிருந்தது, என்ன மரம் என்று இல்லை. திறந்தால் மேலே நாலு அழகான துண்டு, கீழே போகப் போகச் சில்லுகள், அடியில் இரண்டு கை தூள். கூரியரில் தூக்கிப் போட்டு வந்தால் எந்தக் கரியும் உடையும், அதைக் குறையாகவே சொல்ல முடியாது, கரியின் இயல்பு அது. ஆனால் உடைந்து வந்த பண்டத்துக்கு முழு விலை கொடுக்கிறோம் என்பது உண்மை. கரி சுத்தமாகத்தான் இருந்தது, மண் இல்லை, ஈரம் இல்லை, பற்றவும் சுலபமாகப் பற்றியது. கிரில்லுக்கு நன்றாகவே இருந்தது. டிரம்மில் போட்டால் சின்னத் துண்டுகள் நெருக்கமாக உட்கார்ந்து முதலில் நெருப்பு மூச்சுத் திணறுகிறது, காற்றைக் கொஞ்சம் கூட்டினால் மொத்தமும் சேர்ந்து பற்றிக்கொள்கிறது. அரை மணிக்கு ஒருமுறை துளையைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த சின்னப் பாக்கெட்டும் இதே கதைதான், அதில் இரண்டு கட்டை பழுப்பாகவும் இருந்தது. ஃபிளாட்டில் இருப்பவர்கள், மூட்டை வைக்க இடமில்லாதவர்கள், மாதம் ஒருமுறை சிக்கன் சுடுகிறவர்களுக்கு இது சரி. ஸ்மோக்கருக்கு வாங்காதீர்கள்.

கொட்டாங்குச்சிக் கரி, காங்கேயம் பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவித்துச் செய்கிறார்கள், பெரும்பகுதி தண்ணீர் சுத்திகரிக்கும் கார்பன் தயாரிக்கப் போகிறது. நல்ல கரி, புகை மிகக் குறைவு, வெப்பம் மரக்கரியைவிட அதிகம் போல்தான் தெரியும். ஆனால் ஓடு வடிவத்தில் மெல்லிசாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி உட்கார்ந்துவிடும், நின்று எரியாது. மேட்டூரில் இருந்து வருகிற கட்லாவையோ ஜிலேபி மீனையோ மிளகாய் மஞ்சள் தடவிக் கம்பியில் வைத்துச் சுட இதைவிட நல்ல கரி எனக்குத் தெரியாது, பத்து நிமிஷம் சுள்ளென்று எரிந்தால் போதுமே. அதே கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்து, மாவு சேர்த்து அச்சில் அழுத்திச் செய்த கட்டிகள் வேறு விஷயம். அந்த மாவு பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு மாவு. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லாக் கட்டியும் ஒரே அளவு, ஒரே எடை என்பதால் வெப்பம் ஒரே கோட்டில் போகும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன், காற்றுத் துளையைப் பழகுவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சாம்பல் அதிகம், பற்ற நேரமாகும், ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றவைக்காத கட்டிகளை மேலே போட்டால் மாவு கருகுகிற வாடை வரும், ஆகவே வேண்டியதை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும். மூட்டைக் கரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

கரி வெப்பத்துக்கு, மணத்துக்கு விறகு. நல்ல கரியில் தனியாக மணம் பெரிதாக இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். கூடையில் கரிக்கு நடுவே முஷ்டி அளவு மூன்று நாலு விறகுத் துண்டு புதைத்து வைத்தால் நெருப்பு அங்கே போய்ச் சேரும்போது ஒவ்வொன்றாகப் புகையும். இதில் சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாந்தோப்பில் கவாத்து செய்த கிளை வேண்டிய மட்டும் கிடைக்கும். மாமரத்தின் பாலும் பட்டையும் சிலருக்குத் தோலில் அரிக்கும், அதனால் பச்சையாக எரிக்காமல், பட்டையை உரித்து, நன்றாகக் காயவிட்டுப் போட வேண்டும், கோழிக்கும் மீனுக்கும் மென்மையான இனிப்புப் புகை. கொய்யா மரம் ஆட்டு இறைச்சிக்கு இன்னும் பொருத்தம். வேம்பு கசக்கும், தைலமரம் மருந்து வாடை அடிக்கும், இரண்டும் வேண்டாம். அரளி விஷம், அதன் குச்சியால் பற்றவைக்கக்கூடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது காபிக் கட்டை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820ல் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்லும் காபி, சேர்வராயன் மலையில் இன்றைக்கும் எஸ்டேட் எஸ்டேட்டாக இருக்கிறது. வயதான செடியைப் பிடுங்கி மாற்றும்போது அடிக்கட்டை கிடைக்கும், கனமாக, நெருக்கமான ரேகையோடு, இரும்பு மாதிரி இருக்கும். புகை அடர்த்தியாக இருந்தும் கசக்காது, காபி வாசனை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நல்ல பழமரப் புகையின் வாசனைதான். ஒரு எச்சரிக்கை: அராபிகா செடியில் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டு விழும், அதற்காகத் தண்டில் பூச்சிமருந்து பூசுகிற எஸ்டேட்கள் உண்டு. கடைசியாக எப்போது மருந்து வைத்தார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. மருந்து பூசிய தண்டு என்றால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான், பட்டையை உரித்தால் போயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நான் தயாரில்லை. சுண்ணாம்பு மட்டும் பூசிய செடி, அல்லது மருந்தே அடிக்காத சின்னத் தோட்டத்துச் செடி கிடைத்தால் ஆறு மாதம் நிழலில் காயவையுங்கள். நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தைக் காட்டி அதையும் எடுத்துக்கோங்க என்பார்கள், அது லேசான மரம், சட்டென்று எரிந்துவிடும், நமக்கு உதவாது.

ஏற்காட்டில் இந்த வேலை சேலத்தில் செய்கிற மாதிரி நடக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் உயரம் சுமார் 1500 மீட்டர், காற்றின் அடர்த்தி குறைவு, தண்ணீரே 95 டிகிரிக்குக் கொதித்துவிடும். சேலத்தில் எந்த அளவுக்குத் துளையைத் திறந்து 115 வருகிறதோ, அதைவிடக் கூடுதலாக அங்கே திறக்க வேண்டும், கரியும் அதிகம் செலவாகும், குளிரில் அடுப்பின் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். மூடுபனிதான் பெரிய எதிரி. இரவில் சாக்கோடு வராந்தாவில் வைத்த கரி காலையில் தொட்டால் ஜில்லென்று இருக்கும், பற்றவே அடம்பிடிக்கும். மேலே வைத்துக்கொள்வதாக இருந்தால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மில்தான் வைக்க வேண்டும், அல்லது வேண்டியதை மட்டும் சேலத்திலிருந்து கொண்டுபோக வேண்டும். கோடையில் வேறு பயம். மாசி, பங்குனி, சித்திரையில் மலை காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். பொறி பறக்கிற ஈரக் கரியை அந்த மாதங்களில் மேலே எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள், காய்ந்த புல்லில் அடுப்பை வைக்காதீர்கள், சாம்பலைக் காட்டோரம் கொட்டாதீர்கள். வெளியே வெள்ளையாகத் தெரிகிற சாம்பலுக்குள் மறுநாள்கூடத் தணல் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுத்தான் மறுவேலை.

இதைச் சொல்லாமல் விட முடியாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று சமையல் முடிந்த தணலை அறைக்குள் கொண்டுபோய் வைப்பது மலைக்கு வருகிறவர்களிடம் நான் பார்த்த பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள், யாராவது செய்தால் தடுத்து நிறுத்துங்கள். எரிகிற கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை, புகையே வராத நல்ல தணலும் அதை விடும். ஜன்னல் சாத்திய அறையில் தூங்குகிறவர்களுக்கு அது நடப்பதே தெரியாது. மலை ஊர் விடுதிகளில் இப்படி உயிர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். மழை வந்தாலும் அடுப்பு வெளியே, அல்லது நாலு பக்கமும் திறந்த கொட்டகையில். கார் ஷெட்டில்கூட வேண்டாம்.

என்ன சமைத்தேன் என்று கேட்பீர்கள். மூட்டைக் கரியும் காபிக் கட்டையும் போட்டுச் செய்ததில் முதலிடம் வெள்ளாட்டு முன்தொடைக்கு. நம் பக்கத்துச் சேலம் கருப்பு ஆட்டில் கொழுப்பு குறைவு, அதனால் உப்பு, ஏற்காட்டு மிளகு, கொஞ்சம் மல்லித்தூள் மட்டும் தடவி மூன்று மணி நேரம் திறந்த புகையில் வைத்துவிட்டு, பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, உள்வெப்பம் 90ஐத் தாண்டும்வரை விட வேண்டும். எலும்பு தானாகக் கழன்று கையோடு வரும். தோலுக்கு அடியில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும், வேகவில்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், அது புகையில் உள்ள வாயு இறைச்சியோடு சேர்ந்து வருகிற நிறம், நன்றாக வெந்த இறைச்சிதான். நாட்டுக்கோழி இந்த முறைக்கு முரண்டு பிடிக்கும், பிராய்லர் நன்றாக வரும், தொடையின் உள்வெப்பம் 74 டிகிரி தொட்டாக வேண்டும். குறைந்த வெப்பத்தில் தோல் ரப்பர் மாதிரி நிற்கும் என்பதால், கடைசியில் அந்தச் சின்னத் துண்டுக் குவியலைப் பற்றவைத்து இரண்டு நிமிஷம் காட்டி எடுங்கள்.

இப்போது வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே மழை பிடித்துக்கொண்டால் மூட்டம் போடுவது தடைப்படும், வருகிற லோடும் ஈரமாக வரும், விலையும் ஏறும். புரட்டாசிக்குள் ஒரு மூட்டையை வாங்கிச் சலித்து, ஒரு வாரம் நல்ல வெயில் காட்டி, மூடி போட்ட டிரம்மில் இறுக்கி வைத்துவிடுங்கள். கடையில் ‘பார்பிக்யூ கரி இருக்கா’ என்று கேட்காதீர்கள், பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வேலிக்காத்தான் கரி, பழைய லோடு, கட்டையாகப் பொறுக்கி வேண்டும் என்று கேளுங்கள்.